வரிக்குதிரை மீனில் நீரிழிவுக் குடல் அசைவை ஆராய வருபவர்களுக்கு

நீரிழிவு என்றதும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். உண்டது நெடுநேரம் வயிற்றிலேயே தங்குவதும், மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவதும் நோயாளிகளை எவ்வளவு வாட்டினாலும் அதிகம் பேசப்படுவதில்லை. அதனாலேயே என் முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வரிக்குதிரை மீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே இரைப்பை காலியாவதில் ஏற்படும் தாமதத்தை ஆராயப்போவதாகத் திட்டத்தில் எழுதாதீர்கள். குடல் அசைவைப் பார்ப்பதற்கு இது மிகச் சிறந்த உயிரி. 28.5 டிகிரி செல்சியஸில் வளரும் குஞ்சுகளின் உடல் ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பதால், கருவுற்ற 4ஆம் நாளையொட்டித் தொடங்கும் ஒழுங்கற்ற சுருக்கங்கள் 7ஆம் நாளுக்குள் சீரான அலைகளாக மாறுவதை உயிருள்ள மீனிலேயே காணலாம். வளர்ச்சி சற்றுத் தாமதமான குஞ்சும் நோயுற்றதுபோலவே தோன்றும் என்பதால், வயதோடு உடல் நீளத்தையும் ஒப்பிட வேண்டும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது, நீரிழிவை உண்டாக்கும் முறையில்தான். குளுக்கோஸ் கரைசலில் வளர்த்தால் கரைசலின் அடர்த்தியே குஞ்சைப் பாதிக்கக்கூடும். அதைப் பிரித்தறிய, அதே அடர்த்தியில் மேனிட்டால் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளைக் கொடுத்த குழு ஒன்று அவசியம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் மெட்ரோனிடசோல் மருந்தை நச்சாக மாற்றும் நைட்ரோரிடக்டேஸ் நொதியை வைத்து, அம்மருந்தால் அச்செல்களை மட்டும் அழிக்கும் மரபணு மாற்ற முறை மிக நேர்த்தியானது. ஆனால் மெட்ரோனிடசோல் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. குடல் நுண்ணுயிர்கள் மாறினால் குடலின் அசைவும் மாறலாம். நொதியில்லாத உடன்பிறப்புக் குஞ்சுகளுக்கும் அதே அளவு மருந்தைக் கொடுத்து ஒப்பிடாத எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன். மேலும், மீனில் பீட்டா செல்கள் மீண்டும் முளைத்துவிடுகின்றன. எனவே அளவிடும் நாளில் குளுக்கோஸ் உண்மையிலேயே உயர்ந்திருந்ததா என்று சோதித்துக் காட்ட வேண்டும்.

ஒளிரும் துகள் கலந்த உணவு குடலைக் கடக்கும் நேரத்தை அளக்கும்போது, உண்ணாத குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுங்கள். காணொளிக்காக மயக்கமூட்டும் ட்ரைக்கேய்ன், நரம்புச் சைகைகளுக்குத் தேவையான சோடியம் வாயில்களை அடைப்பது; அதனால் குடல் அசைவும் மாறலாம். அதன் அளவும் நேரமும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும். எந்தக் குழு என்று அறியாத ஒருவர் அலைகளை எண்ணுவது நல்லது.

நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குடல் தசையைத் தளர்த்தும் நரம்பணுக்களைச் சாயமிட்டு எண்ணுவது அடுத்த படி. நீரிழிவு எலிகளில் நரம்பணு இறக்கும் முன்பே நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் நொதி குறைவதும், இன்சுலின் கொடுத்தால் அது மீள்வதும் பதிவாகியுள்ளன. ஆகவே அந்த நொதிக்கும், எல்லா நரம்பணுக்களுக்கும் பொதுவான ஒரு புரதத்துக்கும் ஒரே குடலில் சேர்த்துச் சாயமிடுங்கள். அப்போதுதான் நரம்பணு அழிந்ததா, நொதி மட்டும் குறைந்ததா என்பதைப் பிரித்தறிய முடியும்.