சௌகார்பேட்டைக்கு ஒரு லோடு: வரைபடம் காட்டாத வழி

சேலத்திலிருந்து சென்னை சௌகார்பேட்டைக்குப் பத்துச் சக்கர டாரஸ் லாரியில் ஜவ்வரிசி ஏற்றிச் சென்று, இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உளுந்தூர்பேட்டை வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். ஓட்டுவதற்கு ஓர் இரவு போதும். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிய வண்டி சனிக்கிழமை விடியும்போது சென்னையின் எல்லையில் இருந்தது. ஆனால் சரக்கு இறங்கியது திங்கட்கிழமை மதியம். நடுவில் போன நேரம் முழுவதும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் போயிற்று. வடசென்னைக்குப் புதிதாக லோடு எடுக்கும் ஓட்டுநர்கள் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டு வழிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்றால் சாலை அகலமானது. ஆனால் தூரமும் சுங்கமும் கூடுகின்றன, முழு லோடுடன் தொப்பூரில் ஏற வேண்டியும் இருக்கிறது. ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழி சுருக்கமானது. அதில் ஊர்ப் புறவழிகள் பலவற்றில் நான்கு வழிச் சாலை திடீரென்று இரண்டு வழியாகக் குறுகுவதால் நெடுங்காலமாக விபத்துகள் நடந்து வருகின்றன. இரவில் அந்தக் குறுகல்களில் எதிரே வரும் பேருந்துகளை நம்பி முந்தக் கூடாது. நான் இந்த வழியில்தான் சென்றேன். திண்டிவனம், செங்கல்பட்டு, பரனூர் என்று எந்த இடத்திலும் தடங்கல் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஞாயிறு மாலையிலும் விடுமுறைகள் முடியும் நாளிலும் தென்மாவட்டங்களிலிருந்து சென்னை திரும்பும் கார்கள் பரனூரிலிருந்து வண்டலூர் வரை சாலையை அடைத்துவிடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதியில் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. லாரிக்காரர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்துக் கிளம்புவதே நல்லது.

வண்டலூரை நெருங்கும்போதுதான் உண்மையான முடிவை எடுக்க வேண்டும். நேராகத் தாம்பரம், கிண்டி என்று போவது கனரக வண்டிக்கு வழியே அல்ல. மீதமுள்ளவை இரண்டு. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை ஒன்று. அது ஏறத்தாழ 62 கிலோமீட்டர். பெருங்களத்தூரில் பிரிந்து போரூர், மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் பக்கம் சேரும் புறவழிச்சாலை மற்றொன்று. அது அதில் பாதி நீளம்தான். எண்ணூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர், செங்குன்றத்துக்கு அப்பால் என்றால் யோசிக்காமல் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கலாம். மாதவரம், மணலி, சௌகார்பேட்டை என்றால் விடிவதற்குள் புறவழிச்சாலையில் சென்றுவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு மேல் போரூருக்கும் மதுரவாயலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், சுற்றுவழியான வெளிவட்டச் சாலையே முந்திக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். நான் இருட்டு விலகுவதற்குள் மாதவரத்தை அடைந்துவிட்டேன்.

அதற்கு மேல்தான் எல்லாம் நின்றது.

பகல் நேரத்தில் மாநகரின் முக்கியச் சாலைகளில் கனரக வண்டிகளுக்கு அனுமதியில்லை. இதில் எந்தச் சாலைக்கு எந்த நேரம் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. பணிகள் நடக்கும்போதும் திருவிழாக் காலத்திலும் புதிதாக மாற்றுகிறார்கள். எனவே சென்ற முறை போன நேரத்தை வைத்துக்கொண்டு இந்த முறை போகக் கூடாது. தடை நேரத்தில் உள்ளே போனால் காவலர் நிறுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை; படம் எடுத்து வண்டி எண்ணில் இ-சலான் போட்டுவிடுவார்கள். அதைக் கட்டாமல் விட்டால் பின்னாளில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது அங்கே தடையாக வந்து நிற்கும். ஆகவே மாதவரத்தில் லாரிகளுக்கென்று உள்ள முனையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரவுக்காகக் காத்திருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தித் தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல். டீசல் திருட்டுக்கும் தார்ப்பாய்க் கிழிப்புக்கும் பயந்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுக்க வேண்டியதில்லை.

காத்திருந்த பகலில் சரக்கை வாங்கும் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருடைய கணக்குப்பிள்ளைதான் எடுத்தார். “ராத்திரி பத்து மணிக்கு மேல வந்துடுங்க, கடை வாசல்லயே இறக்கிக்கலாம்” என்றார். தெருவில் பத்துச் சக்கர வண்டி திரும்புமா என்று கேட்டேன். “எல்லா வண்டியும் வருதுங்க” என்பதற்கு மேல் பதில் இல்லை.

இரவு மூலக்கடை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, வியாசர்பாடி, பேசின் பாலம் என்று போகும் வழியை முனையத்தில் இருந்த ஒரு மூத்த ஓட்டுநர் சொல்லித் தந்தார். கைபேசி வரைபடமோ வியாசர்பாடிப் பக்கம் வந்ததும் பிரதான சாலையிலிருந்து விலகி ஒரு ரயில்வே சுரங்கப்பாதைக்குள் போகச் சொன்னது. இரண்டு நிமிடம் மிச்சம் என்றும் காட்டியது. வாயிலில் உயரத் தடுப்புக் கம்பி இருந்ததைப் பார்த்ததால் திருப்பவில்லை. நாம் பயன்படுத்தும் வரைபடங்கள் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் வழி போடுகின்றன. நம் வண்டியின் உயரமும் எடையும் நீளமும் அவற்றுக்குத் தெரியாது. வடசென்னை முழுவதும் ரயில் பாதைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் சுரங்கப்பாதைகள் அதிகம். ஜீவா சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவை மழைக்காலத்தில் தண்ணீர் நின்று மூடப்படுவதும் உண்டு. பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது அங்கிருந்து பின்னோக்கி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒருமுறை பட்டவர்கள் அறிவார்கள். லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய பிறகு, தரையிலிருந்து மேல்மட்டம் வரை டேப்பால் அளந்து அந்த எண்ணைக் கேபினுக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். வெற்று வண்டியின் அளவு இதற்கு உதவாது.

சௌகார்பேட்டைக்குள் நுழைந்தபோது, கடை இருந்த தெருவின் முனையில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். வேலை தொடங்கிப் பல நாள் ஆகியிருந்தது என்று அங்கே காவலுக்கு நின்றவர் சொன்னார். பள்ளம் இல்லாவிட்டாலும் என் வண்டி அந்தத் திருப்பத்தில் நுழைந்திருக்காது. இருபுறமும் கடைகளின் படிகள் சாலைவரை வந்திருந்தன. கணக்குப்பிள்ளையை அழைத்தேன். அப்போதுதான், மிகச் சாதாரணமாக, “அப்படீன்னா மாதவரம் குடோனுக்குப் போயிடுங்க, பெரிய வண்டி எல்லாம் அங்கதான் இறக்குவோம்” என்றார்.

நான் பகல் முழுவதும் காத்திருந்த இடத்திலிருந்து அந்தக் குடோன் நடந்து போகும் தூரம்தான்.

இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் இறக்கிவிட்டுத் திரும்பும் லோடு பார்த்திருப்பேன். மொத்தக் கடைகள் பலவற்றுக்குப் பதிவு முகவரி சௌகார்பேட்டையில் இருக்கும். சரக்கு இறங்குமிடம் மாதவரத்திலோ செங்குன்றத்திலோ இருக்கும். அங்கிருந்து குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் கடைக்குக் கொண்டுபோவார்கள். இது அவர்களுக்கு அன்றாட வழக்கம் என்பதால் லாரி ரசீதில் எழுதத் தோன்றுவதில்லை. ஓட்டுநர் ரசீதில் உள்ள முகவரியை நம்பித்தான் போகிறார்.

நள்ளிரவு நெருங்கியபோது அடுத்த சிக்கல் தலைதூக்கியது. சரக்கோடு சாலையில் போக ஜி.எஸ்.டி. விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் காலம் அன்று இரவு பன்னிரண்டு மணியோடு முடிகிறது. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 340 கிலோமீட்டருக்கு இரண்டு நாள் கிடைக்கும். பில்லில் வண்டி விவரம் பதியும் பகுதியான பார்ட் பி-யில் வண்டி எண்ணைப் பதிவு செய்ததிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். முதல் நாள் மறுநாள் நள்ளிரவில் முடியும். சரக்கை அனுப்பிய ஜவ்வரிசி ஆலையில் வியாழக்கிழமை மாலையே வண்டி எண்ணைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் ஏற்றுக்கூலி ஆட்கள் கிளம்பிவிட்டதால் லோடு ஏறியது வெள்ளிக்கிழமை. வண்டி அசையாமலே ஒரு நாள் கரைந்துவிட்டது. காலாவதியான பில்லுடன் சாலையில் பிடிபட்டால் வண்டியையும் சரக்கையும் நிறுத்திவைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகிறது.

காலத்தை நீட்டிக்க வழி இருக்கிறது. முடிவதற்கு முன் எட்டு மணி நேரமும் முடிந்த பின் எட்டு மணி நேரமும் அதற்கு அனுமதி. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணி எனக்குக் கடைசி எல்லை. இரவிலேயே ஆலைக்குப் பேசினேன், “டிரான்ஸ்போர்ட் ஐ.டி. போட்டிருக்கு, புக்கிங் ஆபீஸ்தான் நீட்டிக்க முடியும்” என்றார்கள். எனக்கு லோடு பேசிக் கொடுத்த அந்தப் புக்கிங் ஆபீஸில் தொலைபேசியை எடுத்தவர், பில் போட்டது ஆலைதான், அவர்களையே கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த இரண்டு பேரில் ஆலை சொன்னதே சரி: பில்லில் யாருடைய டிரான்ஸ்போர்ட்டர் எண் இருக்கிறதோ அவரே தம் கணக்கில் நுழைந்து நீட்டிக்க வேண்டும். விடியற்காலையில் மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. கடைசியில் என் ஊரில் இருக்கும் ஓர் அண்ணன் மூலம் புக்கிங் ஆபீஸ் உரிமையாளரின் சொந்த எண்ணைப் பெற்றுப் பேசினேன். உரிமையாளர் தம் வீட்டிலிருந்தே கைபேசியில் நீட்டிப்பைச் செய்துமுடித்தார். வண்டி நிற்கும் இடம், மீதித் தூரம், தாமதத்துக்கான காரணம் ஆகியவற்றைக் கேட்டார். நான் சொல்லச் சொல்லப் பதிவு செய்தார். ஏழே முக்கால் மணிக்குப் புதிய தேதியோடு செய்தி வந்தபோதுதான் ஒரு டீயை நிம்மதியாகக் குடித்தேன்.

ஞாயிறு குடோன் மூடியிருந்தது. திங்கள் காலை குடோன் பொறுப்பாளர் உடனே இறக்கச் சொன்னார், நான் ஒப்பவில்லை. பில்லில் இருப்பது கடை முகவரி. குடோன் அவர்களுடைய ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். சேர்க்காத இடத்தில் சரக்கு இறங்கும்போது சோதனை வந்தால் கேள்வி முதலில் ஓட்டுநரிடம்தான் வரும். பதிவுச் சான்றிதழின் இணைப்பில் குடோன் முகவரி இருப்பதைப் படமெடுத்து அனுப்பினார்கள். அதை வைத்துக்கொண்டே தார்ப்பாயை அவிழ்த்தேன். மூட்டைகள் இறங்க அதிக நேரம் ஆகவில்லை. இறக்குக்கூலி விஷயத்தில் வாக்குவாதமும் இல்லை. ரசீதிலேயே ‘இறக்குக்கூலி வாங்குபவர் பொறுப்பு’ என்று எழுதியிருந்தது காப்பாற்றியது.

வண்டி காத்து நின்ற நாட்களுக்கான ஹால்டிங் பணத்துக்குத்தான் போராட வேண்டியிருந்தது. கடைக்காரர், வண்டி குடோனுக்கு வந்தது திங்கட்கிழமைதானே என்றார். மாதவரம் முனையத்தில் சனிக்கிழமை கட்டிய நிறுத்தக் கட்டண ரசீது, அன்று பகலில் கணக்குப்பிள்ளையிடம் பேசிய அழைப்புப் பதிவு, தெருமுனைத் தடுப்பின் முன்னால் நேரம் தெரியும்படி எடுத்த படம் ஆகிய மூன்றையும் புக்கிங் ஆபீஸுக்கு அனுப்பினேன். இரவில் அந்தப் படத்தை எடுக்கத் தோன்றியதே பெரிய காரியம். அது இல்லாவிட்டால் என் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே எந்த இடத்தில் வண்டி திருப்பி அனுப்பப்பட்டாலும், முதலில் படம், பிறகு பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோடு பேசும்போதே நான் இப்போது கேட்பவை இவைதாம். சரக்கு இறங்குமிடம் கடையா குடோனா, அங்கே இருப்பவரின் எண் என்ன, இதற்கு முன் எத்தனை சக்கர வண்டி உள்ளே போயிருக்கிறது, வாராந்திர விடுமுறை எப்போது, ஏற்றும் ஆட்கள் தயாராகும் முன் பார்ட் பி பதிவு செய்யாமல் இருப்பார்களா. கடைசிக் கேள்விக்குச் சில ஆலைகளில் முகம் சுளிக்கிறார்கள். கேட்டே ஆக வேண்டும். போகும் வழியைப் பொறுத்தவரை, அந்தப் பகுதியில் இரவுதோறும் வண்டி விடும் ஓட்டுநர் ஒருவரிடம் பேசுவதற்கு ஈடாக வேறெதையும் நான் காணவில்லை. யானைக்கவுனிப் பாலத்தை இடித்துக் கட்டியபோது எந்தெந்தத் தெருக்களில் எப்படிச் சுற்றிப் போனார்கள் என்பதைக்கூட மாதவரத்து ஓட்டுநர்கள் வாய்ப்பாடாகச் சொல்கிறார்கள். முனையத்தின் டீக்கடையில் அரை மணி நேரம் செலவிட்டால் கிடைக்கும் தகவல் அது.

ஹால்டிங் பணம் ஒரு நாளைக்கு மட்டும் வந்தது. ஞாயிறு விடுமுறை என்று சொல்லி மற்றதைக் கழித்துவிட்டார்கள். இருந்தாலும் அதே கடைக்குப் புக்கிங் ஆபீஸ் போட்ட அடுத்த ரசீதை நான் பார்த்தேன். இறங்குமிடம் என்ற கட்டத்தில் மாதவரம் குடோன் முகவரியும், அதன் பொறுப்பாளரின் கைபேசி எண்ணும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.