ஆறு மில்லி

எங்கள் பட்டறைக்கு அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒரு லாரியில் ஏறி வந்தது. அதற்கான பானெட் மூன்று வாரம் கழித்து, பழைய கார் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையிலிருந்து மீன்பாடி வண்டியில் கயிறு கட்டி வந்தது. வலது கதவு கோயம்புத்தூரில் கிடைத்து பார்சல் சர்வீஸில் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் சும்மா வைத்துப் பார்த்தபோது வண்டிக்கு மூன்று நிறம். உடம்பு வெளிறிய கிரீம், பானெட் நீலம், கதவு ரெட் ஆக்சைடு. தெருவில் போகிற பையன்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

வண்டிக்காரர் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி அது. சனிக்கிழமை தவறாமல் வருவார், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கையிலிருக்கும் போனில் இங்கிலாந்தில் யாரோ பளபளவென்று தயார் செய்த ஹெரால்டின் படங்களைக் காட்டுவார். "பாருங்க தம்பி, கதவைச் சுத்தி பென்சில்ல கோடு போட்ட மாதிரி இருக்கு." சரி சார் என்பேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கோட்டுக்கு கேப் என்றுதான் பெயர். டிங்கர் வேலையில் பாதி ஆயுள் அந்தக் கேப்பைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

இந்த வண்டியின் பிறப்பே கொஞ்சம் வேடிக்கையானது. 1950களில் கார் கம்பெனிகள் பலவும் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, உடம்பு தனி என்ற பழைய முறையைக் கைவிட்டு இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டன. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனியால் அது முடியவில்லை. அவர்களுக்கு உடம்புத் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே இடத்தில் அடித்துத் தர வேறு ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, தனி சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி ஒரு காரைத் திட்டமிட்டார்கள். இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவம் வரைந்து கொடுத்தார். 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 1961லிருந்து அது நம் வண்டலூர்ப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே மூன்று கார் ஓடிய காலம்.

அம்பாசடரில் உடம்புதான் சேசிஸ். எது எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். சரியில்லை என்றால் அடித்துத்தான் சரி பண்ண வேண்டும். ஹெரால்டில் கூரை தனியாகக் கழலும். பின்பக்கத் தொட்டி ஒரு துண்டு. டேஷ்போர்டைத் தாங்கும் முன்சுவர், நாங்கள் ஃபயர்வால் என்போம், அது இன்னொரு துண்டு. பானெட்டோ இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஒரே உருப்படி. பின்பக்கம் தூக்கினால் முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். எதையும் இரண்டு மில்லி இப்படி, மூன்று மில்லி அப்படி நகர்த்தலாம். தொல்லையும் அதிலேதான்.

அப்போது நான் எட்டு வருஷ அனுபவக்காரன். பட்டி இல்லாமல் ஒடுக்கு எடுக்கத் தெரியும், கேஸ் வெல்டிங்கில் தகடு வளையாமல் ஒட்டத் தெரியும். தலைக்கனமும் அந்த அளவுக்கு இருந்தது. மேஸ்திரி திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார், பத்து நாள். அவர் வருவதற்குள் பானெட்டை உட்கார வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

உடம்பை அதற்கு முன்பே நான்தான் சேசிஸிலிருந்து கழற்றியிருந்தேன். சேசிஸைத் துரு நீக்கி, ஓட்டை விழுந்த கிளைகளைப் புதுத் தகட்டில் செய்து ஒட்டி, கறுப்பு அடித்து, உடம்பை மறுபடி ஏற்றியாகிவிட்டது. ஏற்றும்போது இரண்டு இடத்தில் போல்ட் ஏறாமல் மக்கர் பண்ணியது. முன்பு யாரோ எட்டு மில்லி போல்ட்டை முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்திருந்தார்கள். இது அங்குலக் கணக்கு வண்டி. ஐந்தின்கீழ் பதினாறு போல்ட் பார்வைக்கு எட்டு மில்லி போலவே இருக்கும், மரை வேறு. அந்த இரண்டு நட்டோடு அரை நாள் போராடியதில் மற்றதைக் கவனிக்கவில்லை.

பானெட்டை வைத்தேன். வலது பக்கம் கண்ணாடிக்குக் கீழே ஃபயர்வாலுக்கும் பானெட் விளிம்புக்கும் நான்கு மில்லி. அழகு. இடது பக்கம் ஒரு மில்லிகூட இல்லை. இறக்கும்போது பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்கியது. முன்னால் கீல் இருக்கிற இடத்தில் நீள ஓட்டை உண்டு, அதில் பானெட்டை முன்னும் பின்னும் தள்ளலாம். தள்ளினேன். வலது பக்கம் ஏழு ஆனது, இடது பக்கம் நான்கு. திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஒரு பக்கத்தை மட்டும் தள்ளினால் பானெட் கோணிக்கொண்டு ஒரு ஹெட்லைட் பிள்ளையார் கோயிலைப் பார்த்தது. பின்பக்கம் பானெட்டைப் பிடித்து உட்கார வைக்கும் ரப்பர்க் கூம்புகளைத் தளர்த்தி மாற்றிப் பார்த்தேன். உயரம்தான் மாறியது.

ஒன்றரை நாள் இப்படிப் போன பிறகு எனக்கு விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இது வேறு வண்டியின் பானெட். அடிபட்டு யாரோ நிமிர்த்தியிருப்பார்கள், இடது பக்கம் மூன்று மில்லி நீண்டுவிட்டது. வண்டிக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்: "வேற வண்டி ஐட்டம் சார், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். நான் சரி பண்ணிடறேன்." அவரும் "புதுப்பேட்டை சரக்கு இல்லையா" என்று பெருமூச்சு விட்டார். கிரைண்டரை எடுத்தேன். இடது விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு மூன்று மில்லி தேய்த்து, அரத்தால் நெளிவு எடுத்தேன். நான்கு மில்லி டிரில் பிட்டின் தண்டுதான் எனக்கு அளவுகோல். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உரசாமல் ஓடியது. அன்றைக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கதவைத் தொங்கவிட்டேன். முதலில் இடது கதவு, அது இந்த வண்டியின் சொந்தக் கதவு. பின் விளிம்பில் மேலே ஒன்பது மில்லி, கீழே மூன்று. அது போதாதென்று கதவின் பக்கவாட்டுக் கோடு பூட்டுப் பக்கம் நாலைந்து மில்லி தூக்கிக்கொண்டு நின்றது. கீலைத் தளர்த்தி இறக்கினால் கீழே முட்டியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த வலது கதவோ பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்நியக் கதவு சரியாக இருக்கிறது, சொந்தக் கதவு கோணுகிறது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அந்தக் கதவையும் நிமிர்த்த மரக்கட்டை தேடிக்கொண்டிருந்தேன். பூட்டுப் பக்கம் கட்டையைக் கொடுத்து முழங்காலால் கதவை முறுக்குவது எங்கள் தொழிலில் பழைய வழி. பிதுங்கி நிற்கிற கதவுக்கு அது சரிப்படும். தூக்கிக்கொண்டு நிற்கிற கதவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

மேஸ்திரி அன்று மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கதவைப் பார்த்தார், பானெட்டைப் பார்க்கவில்லை. இடது கதவு ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, மேலிருந்து கீழே கேப்பில் வெளிச்சம் வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உடம்பைக் கழட்டுறப்ப சேசிஸுக்கும் அதுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

"பேக்கிங் தகடு இருந்துச்சுண்ணே. ரப்பர் போயிடுச்சு, புதுசு வெட்டிப் போட்டுட்டேன்."

"தகடு?"

தகடெல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் இருந்தது. எந்த இடத்தில் எத்தனை இருந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. துரு பிடித்த வாஷர் என்றே நினைத்திருந்தேன். எல்லா இடத்துக்கும் ஒரே கனத்தில் ரப்பர் வெட்டி, சமமாக இருக்கட்டும் என்று போட்டிருந்தேன். கம்பெனியிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் கதவு கேப் பார்த்துப் பார்த்து இங்கே இரண்டு, அங்கே ஒன்று என்று வைத்த தகடுகள் அவை.

மேஸ்திரி திட்டவில்லை. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச்சைக் கொடு என்றார். சேசிஸைத்தான் நான் கறுப்பு அடித்து அடையாளத்தையெல்லாம் அழித்துவிட்டேன். உடம்பின் அடிப்பக்கத்தை இன்னும் தொடவில்லை. இடது முன் போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கில் ஒரு பொட்டு தூக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். சுற்றிலும் துரு, நடுவில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு இடம் மட்டும் அசல் பிரைமரோடு சுத்தமாக இருந்தது. தகடு உட்கார்ந்திருந்த தடம். வலது பக்கம் அதே இடத்தில் அப்படி எதுவும் இல்லை.

டப்பாவைக் கொட்டினோம். அந்தச் சதுரத்துக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று தகடு கிடைத்தது. ஒன்று மூன்று மில்லி, மற்ற இரண்டும் ஒன்றரை ஒன்றரை. ஆறு மில்லி. அந்த ஆறு மில்லி இல்லாமல் ஃபயர்வாலின் இடது முன்மூலை தாழ்ந்து, தலை முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. அதில் தொங்குகிற கதவும் கூடவே சாய்ந்து வாலைத் தூக்கியது. சாய்ந்த தலைதான் பானெட்டிலும் முட்டியது. மூன்று தகட்டையும் வைத்து முறுக்கினோம். கதவை மூடினால் மேலே ஆறு, கீழே ஆறு. கோடு கோட்டோடு சேர்ந்தது. நான் பேசாமல் நின்றேன், ஏனென்றால் அடுத்து அவர் எங்கே பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

பானெட்டை இறக்கினார். வலது பக்கம் நான்கு. இடது பக்கம் சுண்டுவிரல் நுனி போகிற மாதிரி எட்டு. விளிம்பில் என் கிரைண்டர் பட்ட இடம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எப்பத்துல இருந்து நீ முன்னால ஆரம்பிச்சுப் பின்னால போற?" என்றார். அவ்வளவுதான். பின்பக்கத் தொட்டியை முதலில் நிறுத்தி, அதற்குக் கதவு, கதவுக்கு ஃபயர்வால், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பானெட் என்பது நான் சேர்ந்த முதல் வருஷமே அவர் சொல்லிக் கொடுத்த வரிசை. சனிக்கிழமை வருகிறவர் கண்ணில் முதலில் படுவது பானெட் என்பதால் நான் அங்கே ஆரம்பித்தேன்.

தேய்த்ததைத் திரும்ப வளர்க்க நான்கு நாள் ஆனது. மூன்று மில்லி வெல்டிங் கம்பியை விளிம்போடு வைத்து, ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு, ஈரத் துணி வைத்து, அடுத்த பொட்டு. ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு அப்பளமாகப் பொரிந்துவிடும். பிறகு டோலி என்கிற இரும்புக் கட்டையை அடியில் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டி, அரத்தால் இழுத்து, மறுபடி டிரில் பிட்டை ஓட்டினேன். ஐந்து மில்லி வந்தது. நான்காக்கலாமா என்று கேட்டேன். பெயின்ட் ஏறட்டும், பேசாமல் இரு என்றார்.

அப்புறம் பீடிங் போட்டதும் இரண்டு கதவும் மூன்று மில்லி வெளியே துருத்தியது, அதைச் சரி பண்ண இன்னொரு நாள் போனது தனிக் கதை. புது ரப்பரை மாட்டிப் பார்க்காமல் பிரைமருக்குப் போகக் கூடாது என்பதை அன்றிலிருந்து சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம். டப்பாவுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் கவர், அதன் மேல் மார்க்கரில் இடது முன், வலது பின். கழற்றுவதற்கு முன் போனில் படமும் எடுத்துக்கொள்வேன்.

வண்டி மறுபடி கிரீம் நிறத்தில் வெளியே வந்தது. கதவு கேப் இரண்டு பக்கமும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். வண்டிக்காரரின் போனில் இருக்கிற பென்சில் கோடு இல்லை. ஆனால் 1960களில் வண்டலூரிலிருந்து வந்த ஹெரால்டு எதுவும் பென்சில் கோட்டோடு வந்திருக்காது என்று மேஸ்திரி பந்தயம் கட்டுவார். நானும் அவர் பக்கம்தான். நான்கு மில்லிக்காக அந்தக் கதவுகளை இன்னும் வெட்டி ஒட்டியிருந்தால் அது அவருடைய அப்பாவின் வண்டியாக இருந்திருக்காது.

எடுத்துப் போக வந்த அன்று அவர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். இடது பக்கம் குனிந்து, பானெட் விளிம்பில் நான் கம்பி வளர்த்த இடத்திலேயே விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"புதுப்பேட்டை பானெட்னதும் எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. எவ்வளவு கோணலா இருந்ததை எப்படி நேர் பண்ணிட்டீங்க தம்பி!"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்துவிடப் போனேன்.