ஆமை க்ளாஸ்

ஜனவரி 24, 2025

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு ஸ்கூல்ல நாலாங்கிளாசுக்கு வாரம் ஒரு பீரியட் சுற்றுச்சூழல் எடுக்கறேன், சம்பளம் கிடையாது, நானா கேட்டு வாங்கின வேலை. இன்னைக்கு ஆமை. ஆலிவ் ரிட்லின்னு போர்டுல எழுதறதுக்குள்ள கடைசி பெஞ்சுல ஒருத்தன் "மிஸ், அது பங்குனி ஆமை"ன்னான். அழிச்சிட்டு அவன் சொன்னதையே எழுதினேன். முட்டை இருக்கற மணல் சூடா இருந்தா பொட்டை, சூடு கம்மின்னா ஆண்னு சொன்னதும் பொண்ணுங்க பக்கம் ஒரே கைதட்டல், எதுக்குன்னு தெரியல.

ஜனவரி 31

1000 குஞ்சுல ஒன்னு பெருசாகறதே அபூர்வம்னு சொல்லுவாங்கல்ல, அத காட்ட வீட்டுல இருந்த புளியங்கொட்டைய மூட்டை கட்டி எடுத்துட்டு போனேன். தப்பு பண்ணிட்டேன். பத்து பத்தா குமிச்சு எண்ணிட்டே வந்து 340ல ஒருத்தி கால் பட்டு எல்லாம் கலைஞ்சு மறுபடி முதல்ல இருந்து. அப்புறம் நண்டு, காக்கா, நாய், மீனுன்னு ஒவ்வொருத்தரா வந்து அள்ளணும். நாயா வந்தவன் குலைச்சுக்கிட்டே ரெண்டு கையாலயும் அள்ளினான். மிஞ்சின ஒத்த கொட்டைய ஒரு பொண்ணு ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டுக்கிட்டா, திருப்பி தரவே இல்ல.

பிப்ரவரி 7

போன மாசம் சென்னைப் பக்கம் அவ்ளோ ஆமை செத்து ஒதுங்குச்சே, அத பத்தி பேசினேன். "நீந்தத் தெரிஞ்சது எப்படி மிஸ் மூழ்கும்?" எல்லாரையும் மூச்சு பிடிக்க சொன்னேன், ஆமைக்கும் நுரையீரல் தான், மேல வந்து காத்து வாங்கணும், ட்ராலர் வலைல மாட்டினா வர முடியாது. சொல்லி முடிச்சப்புறம் தான் உறைச்சுது, பாதி பிள்ளைங்களோட அப்பா கடலுக்குப் போறவங்க. க்ளாஸ் கப்சிப். பங்குனி ஆமைக்காரன் எழுந்து "எங்கப்பா வலைய அறுத்து விட்டுடுவாரு, வலை எங்க காசு"ன்னான்.

சமாளிக்க, வலைக்குள்ள கம்பிச் சட்டம் மாட்டி, ஆமை முட்டினா மேல இருக்கற திறப்பு வழியா வெளிய போயிடற மாதிரி ஒரு படம் போட்டேன். அவன் உத்துப் பாத்துட்டு "அதுல மீனும் போயிடும்ல?" என்கிட்ட பதில் இல்ல. அப்பாவ கேட்டுட்டு வான்னேன்.

பிப்ரவரி 14

கேட்டுட்டு வந்துட்டான். இறால் கம்பி இடுக்குல பூந்து உள்ள போயிடுமாம், பெரிய மீன் தான் தப்பிச்சுடுமாம், காசு அதுல தானாம். கம்பிக்கு கம்பி எவ்ளோ இடைவெளின்னு அப்பா என்னைய கேக்க சொன்னாராம். அமெரிக்காவுல நாலு இஞ்சுக்கு மேல கூடாதுன்னு ரூல் இருக்கு, ஆனா அவர் சொல்ற பெரிய மீன் எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாதே. ஞாயித்துக்கிழமை போட்டுக்கு வர சொல்லிருக்காரு, ஸ்கேல் எடுத்துட்டு போறேன்.