4060 என்று ஸ்டிக்கர் இருந்தால் போதாது

வீடியோ எடிட்டிங்குக்கு லேப்டாப் வேண்டும் என்று எந்தக் கடையில் வாயைத் திறந்தாலும் நேரே கேமிங் வரிசைக்குத்தான் கூட்டிப் போகிறார்கள். "எல்லா கேமும் ஓடும் சார், எடிட்டிங் ஓடாதா?" என்பதுதான் எல்லோரும் வைக்கும் வாதம்.

ஓடாமல் போகும். என் கேமரா பதிவு செய்வது எச்.265 என்ற சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 (நிற விவரத்தை அதிகமாக வைத்திருக்கும் வகை). இந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்டும் டிகோடர் சிப்பிலேயே இருக்க வேண்டும். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 40 வரிசை வரை (ஸ்டிக்கரில் இருக்கும் 4060ம் அதில்தான்) 4:2:2க்கு அது கிடையாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பெயரில் 11ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஆப்பிளில் அவர்களின் எம்1 சிப்பிலிருந்தே உண்டு. ஃபோனில் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிற விவரம் குறைவான 4:2:0தான் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

இதைக் கடைக்காரரிடம் கேட்டேன். "டிகோடர்லாம் சாஃப்ட்வேர் சார், டவுன்லோடு பண்ணிக்கலாம்" என்றார். என் கிளிப்பைப் போட்டுப் பார்க்கலாமா என்றதற்கு வைரஸ் வந்துவிடும் என்று பதில். வாங்குகிறவன் போட்டுப் பார்க்கக்கூடாது என்றால் டெமோ பீஸ் எதற்கு?

வேறொரு கடையில், மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எடிட்டிங் மென்பொருளின் ட்ரையலை இன்ஸ்டால் செய்ய அனுமதி வாங்கினேன். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்தேன். ஏஎம்டி பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060ம் இருந்த மெஷினில் கிளிப்பை ஓட்டியதும் சிபியு எகிறிப் போய் நூறில் நின்றது. 'வீடியோ டிகோட்' கோடு தரையோடு தரையாகக் கிடந்தது, படம் நின்று நின்று நகர்ந்தது. அதே 4060, இன்டெல் பிராசஸர் உள்ள இன்னொன்றில் அந்தக் கோடு சட்டென்று எழும்பியது, டைம்லைனை எங்கே இழுத்தாலும் கூடவே வந்தது. கூட நின்ற பையன், "ரெண்டும் ஒரே கார்டுதானே?" என்று என்னையே கேட்டான்.

அந்தக் கார்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப்டாப் 4060 என்பது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம், ஸ்டிக்கர் ஒன்றேதான். ஒல்லியான மாடல்களில் பெரும்பாலும் குறைத்துத்தான் வைப்பார்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று போட்டிருக்கும். கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ரேமில் பெரிய சிக்கல் இல்லை: நான் வாங்கிய இன்டெல் மெஷினில் 16 ஜிபி ஒரே குச்சியாக வந்தது, காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொன்று போட்டு 32 ஆக்கிவிட்டேன். போர்டிலேயே சால்டர் செய்த மாடல் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

உண்மையான கூத்து டெலிவரியில் நடந்தது. நான் கேட்டது நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி திரை, அதாவது அந்த நிற அளவுகோலில் உள்ள எல்லா நிறங்களையும் காட்டும் திரை. பெட்டியைப் பிரித்து என் பழைய ஃபுட்டேஜைப் போட்டால் முகமெல்லாம் சோகை பிடித்தது போல வெளிறிக் கிடக்கிறது. மாடல் நம்பரின் கடைசி சில எழுத்துகள் வேறு. வந்திருந்தது 45 சதவீத என்டிஎஸ்சி (இது இன்னொரு நிற அளவுகோல்) திரை. எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட அதில் தேறாது. "சீரிஸ் ஒண்ணுதான் சார், டிஸ்பிளேல என்ன இருக்கு" என்று மழுப்பினார்கள். பில்லில் வெறும் சீரிஸ் பெயர்தான். நல்லவேளை, பணம் கட்டும் முன்பே முழு மாடல் நம்பரோடு கொட்டேஷனை மெயிலில் வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது, மெஷினும் மாறியது. நீங்களும் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

மாற்றி வந்த மெஷினும் முதலில் திக்கியது. காரணம் கேமிங் மோடு. தனி கிராபிக்ஸ் கார்டு மட்டும் என்று வைத்திருந்ததால் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்து, கூடவே குவிக் சிங்கும் போய்விட்டது. இரண்டு கிராபிக்ஸும் இயங்கும் ஹைப்ரிட் மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

இப்போது வேலை ஓடுகிறது. பில்லில் மட்டும் இன்னும் திருப்பிக் கொடுத்த மெஷினின் சீரியல் நம்பரே இருக்கிறது. வாரன்டிக்குப் பதிவு செய்ய வேண்டும், திருத்தித் தாருங்கள் என்றால், "சிஸ்டம்ல ஏறிடுச்சு சார், பார்க்கிறோம்" என்கிறார்கள்.