காட்பாடி பாசஞ்சரில் படித்த சைவமும் வைணவமும்

மாதிரித் தேர்வு ஒன்றில் ‘திருவண்ணாமலை எந்த நாட்டுத் தலம்?’ என்று கேட்டிருந்தார்கள். யோசிக்கவே இல்லை. தொண்டை நாடு என்று வட்டத்தைக் கறுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கும் திருவண்ணாமலை ‘நம்ம ஜில்லா’தான். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்ததே அவர் மனதில் இன்னும் ஏறவில்லை. 2019இல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள் என்றால் சிரிக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் வேறு என்ன எழுதுவேன்? விடைத்தாள் வந்தபோதுதான் தெரிந்தது, தேவாரம் பாடப்பட்ட சிவன் கோயில்களை நாடு வாரியாகப் பிரிக்கும் கணக்கில் அண்ணாமலையார் நடுநாட்டுக்காரர். தொண்டை நாட்டுக்கு 32 தலங்கள், நடுநாட்டுக்கு 22. அந்த 22இல் அவர் இருக்கிறார்.

நான் எழுதியது அறநிலையத் துறை செயல் அலுவலர் பதவிக்கான குரூப் 8 தேர்வு. இரண்டு தாள். ஒன்று எல்லோருக்கும் பழகிய பொதுத்தமிழும் பொது அறிவும். இன்னொன்று இந்து சமயம், அதாவது சைவமும் வைணவமும். முதல் முறை என்னைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது தாள். சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறோம், பாட்டி தேவாரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற மிதப்பு. பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்ஸ் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது: கோயில், கட்டியவர், நூற்றாண்டு. அதை நெட்டுருப் போட்டேன். தேர்வறையில் பல்லவனும் சோழனும் நாயக்கனும் கைகோத்துக்கொண்டு கும்மியடித்தார்கள்.

அப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மட்டும் லீவு. இரண்டாம் முறைக்குப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தை மூடிவிட்டு, காட்பாடியில் அரக்கோணம் போகும் பாசஞ்சரில் ஏறினேன். அந்த வழியின் ஸ்டேஷன் பெயர்களைப் பாருங்கள்: திருவலம், சோளிங்கர், மகேந்திரவாடி, அரக்கோணம். இரண்டாம் தாளில் எனக்கு வராத பகுதிகளில் பாதி அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கிடந்தது.

முதலில் மகேந்திரவாடி. போனபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. தனியாகக் கிடக்கும் ஒரு பாறை, அதன் வயிற்றைக் குடைந்து ஒரு சின்னக் கோயில். ஆனால் தூணைத் தொட்டுப் பார்த்த பிறகு முற்காலப் பல்லவத் தூணை இன்றுவரை மறக்கவில்லை. மேலே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, கீழே மறுபடி சதுரம். அங்குள்ள கல்வெட்டு கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் இருக்கிறது. மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில் குணபரன் பாறையைப் பிளந்து மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற இந்தத் திருமால் கோயிலை எடுத்தான் என்று அது சொல்கிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அப்பரால் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவன் என்று பெரியபுராண வழியில் நாம் படிக்கிற அதே மன்னன். சைவம் பகுதியில் அவனைப் படித்துவிட்டு வைணவம் பகுதிக்கு வரும்போது அவனை மறந்துவிடுவோம். கேள்வி எடுப்பவர்கள் கை வைப்பதும் அங்கேதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தேன் என்று அவன் சொல்லிக்கொள்ளும் மண்டகப்பட்டு கல்வெட்டு விழுப்புரம் பக்கம். அதையும் மகேந்திரவாடியையும் குழப்பாதீர்கள். நான் குழப்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் திருவலம். பழைய பெயர் திருவல்லம், தீக்காலிவல்லம். சம்பந்தர் பாடிய வில்வநாதேஸ்வரர் கோயில், பொன்னையாற்றங்கரையில். இந்தக் கோயில்தான் என் கட்டம் கட்டிய நோட்ஸைக் கிழித்துப் போட வைத்தது. ‘கட்டியவர் யார்?’ என்று ஒரே பெயரை எழுத முடியாது. பல்லவர் காலக் கல்வெட்டும் இருக்கிறது, வாணர் கல்வெட்டும் இருக்கிறது, ராஜராஜன் கல்வெட்டும் இருக்கிறது. மாவலியின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட வாண அரசர்களுக்கு இது வாணபுரம், அவர்கள் ஊர். ஒருவர் நிலம் விட்டார், ஒருவர் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தார், பின்னால் வந்தவர் மண்டபம் சேர்த்தார். நம் கோயில்களில் பலவும் இப்படி அடுக்கடுக்காக வந்தவைதான். தேர்வில் ஒரு பெயர்தான் கேட்பார்கள், அதைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் நோட்டில் கருவறை யார் காலம், மண்டபம் யார் காலம், கோபுரம் யார் காலம் என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். இல்லையென்றால் திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியது கிருஷ்ணதேவராயர், முடித்தது தஞ்சை சேவப்ப நாயக்கர் என்பது வரும்போது, கோயிலே 16ஆம் நூற்றாண்டுதான் போல என்று தோன்றிவிடும்.

திருவலத்தில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் திரும்பி நிற்கும். அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரைத் தடுத்த கஞ்சன் என்ற அசுரனை விரட்டத் திரும்பியவர் அப்படியே காஞ்சனகிரியைப் பார்த்து நிற்கிறார் என்பது தலபுராணம். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, ‘இன்னாம்மா நோட்டு புக்கோட வந்திருக்கே, பரீட்சையா?’ என்று கேட்டு உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னார். அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். இடது பக்கம் தலபுராணம், வலது பக்கம் கல்வெட்டு. இரண்டிலிருந்தும் கேள்வி வரும். செய்யாறு பக்கம் திருவோத்தூரில் சம்பந்தர் ஆண் பனையைப் பெண் பனையாக்கியது இடது பக்கம். அதே ஊரில் எந்த அரசன் என்ன கொடுத்தான் என்பது வலது பக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால் தேர்வறையிலும் கலந்துதான் வரும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். திருவலத்திலிருந்து பொன்னையாற்றை ஒட்டி வடக்கே போனால் மேல்பாடி. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இரண்டு கோயில்கள்: சோமநாதேஸ்வரர் கோயில், இன்னொன்று சோழீஸ்வரம். சின்னதாக, அமைதியாக இருக்கும் அந்தச் சோழீஸ்வரம் ஒரு பள்ளிப்படை, இறந்துபோன அரசனின் நினைவாக எடுத்த கோயில். தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுத்தது. கல்வெட்டில் அரிஞ்சயனுக்கு ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று பெயர், அதாவது ஆற்றூரில் இறந்தவர்.

அரிஞ்சயன் யார் என்று தேடப்போனால் ஒரு குடும்பமே வரிசையாக எழுந்து வருகிறது. முதல் பராந்தகனுக்கு மகன்கள் ராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். மூத்தவன் ராஜாதித்தன் 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு போரிட்டு யானை மேலேயே இறந்தான். அதனால் ‘ஆனைமேற்றுஞ்சினார்’. அந்தத் தக்கோலம் அரக்கோணத்திலிருந்து பஸ் தூரம். சம்பந்தர் பாடிய திருவூறல் அதுதான். நடுவில் உள்ள கண்டராதித்தன் ‘மேற்கெழுந்தருளின தேவர்’, செம்பியன் மாதேவியின் கணவர். சிதம்பரத்தைப் பற்றி அவர் பாடியது ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாக இருக்கிறது. கடைசி அரிஞ்சயன், மேல்பாடியில். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. அவர் மகன் ராஜராஜன்.

இந்த ‘துஞ்சின’ பட்டங்கள் முதல் முறை எனக்குப் பெரிய தலைவலி. யார் எங்கே துஞ்சினார் என்று பொருத்துக கேள்வி பார்த்தாலே கை நடுங்கும். மேல்பாடிக் கோயில் நிழலில் உட்கார்ந்து இந்தக் குடும்பத்தை ஒரு மரமாக வரைந்த அன்றோடு அது போயிற்று. சைவத் தாளின் ஒன்பதாம் திருமுறையும், வரலாற்றின் தக்கோலப் போரும், கோயிற்கலையின் பள்ளிப்படையும் ஒரே வீட்டுச் சங்கதி என்று தெரிந்த பிறகு எப்படி மறக்கும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்கோலத்தில் ஜெயித்த அதே கிருஷ்ணன் 959இல் தன் கர்ஹாட் செப்பேட்டை வெளியிட்டது மேல்பாடியில் பாளயம் போட்டிருந்தபோது. எதிரி பாளயம் அடித்த அதே ஊரில், சில பத்தாண்டுகள் கழித்து ராஜராஜன் தாத்தாவுக்குக் கோயில் எடுக்கிறான். இதை எந்த நோட்ஸும் எனக்குச் சேர்த்துச் சொல்லவில்லை. பாசஞ்சர் ரயிலில் திரும்பி வரும்போது நானே சேர்த்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

வைணவத்துக்குச் சோளிங்கர். ஒரு எச்சரிக்கை, சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில். இறங்கி மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஸ்டேஷனுக்கு வெளியே வந்து மலையைத் தேடினேன். பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், ஊருக்குள் உற்சவர் பக்தவத்சலர். ஆழ்வார்கள் பாடிய திருமால் தலங்களைத் திவ்யதேசம் என்பார்கள், அந்த வரிசையில் இதன் பெயர் திருக்கடிகை. பாடியவர்கள் பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும். பெருமாளை ‘அக்காரக்கனி’ என்கிறார் திருமங்கை. இப்போது ரோப் கார் வந்துவிட்டது. நான் படியேறினேன், ஆயிரத்து முந்நூறுக்கு மேல். மூச்சு வாங்கும்போது நின்று நின்று 108 திவ்யதேசக் கணக்கைச் சொல்லிக்கொண்டேன்: சோழ நாடு 40, பாண்டிய நாடு 18, மலை நாடு 13, நடுநாடு 2, தொண்டை நாடு 22, வடநாடு 11, நிலத்தில் இல்லாதவை இரண்டு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். சைவக் கணக்கிலும் வைணவக் கணக்கிலும் நடுநாடு இருக்கிறது, ஆனால் அங்கே 22, இங்கே 2. வைணவத்தில் 22 தொண்டை நாட்டுக்கு. இந்த 22 எத்தனை பேரைச் சாய்த்ததோ.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருந்தாலும், தேர்வுக்காகப் போனபோதுதான் கல்யாண மண்டபத் தூண்களை நின்று பார்த்தேன். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகள், யாளிகள். விஜயநகரக் காலம் என்று அவையே சொல்லும். சின்ன பொம்ம நாயக்கர் காலத்துக் கோயில். அவர் ஆதரித்தவர்தான் ஆரணி பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர். அவருக்குச் சின்ன பொம்மர் கனகாபிஷேகம் செய்த செய்தி அடையபலம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. சைவ தத்துவம் படிக்கும்போது அவர் மறுபடி வருவார், இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். கோட்டைக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981இல்தான் உள்ளே வந்தது. பாட்டி அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும்.

ஒரு பொறி இருக்கிறது. கோட்டைக் கோயிலும் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலும் எவ்வளவு பெரியவையானாலும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் அல்ல. விரிஞ்சிபுரத்துக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் உண்டு. மதிலழகுக்கு அதைத்தான் சொல்வார்கள். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்றும், சிம்ம முகத்தோடு ஒரு தீர்த்தக் கிணறும் இருக்கின்றன. அங்குள்ள 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றைப் படித்தபோது அசந்துவிட்டேன். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அரச தண்டனை, சாதி விலக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கல்வெட்டு என்றாலே ஆடு, நெய், நந்தாவிளக்கு என்றிருந்த எனக்கு அது வேறு ஒரு உலகம்.

சரி, தேர்வுக்கு வருவோம். ஊர் சுற்றியதில் மட்டும் மதிப்பெண் வராது. பன்னிரு திருமுறை வரிசை, ஆழ்வார்கள், நாயன்மார்கள் எல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியவைதான், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. நான் வாரத்தில் ஆறு நாள் காலை ஐந்திலிருந்து ஏழு வரை அதைத்தான் செய்தேன். பொதுத்தமிழுக்குப் பள்ளிப் புத்தகங்கள் போதும். அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை, பாடத்திட்டமும் மாறலாம். அதனால் அறிவிப்போடு வரும் பாடத்திட்டத்தை அச்சடித்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. தெரியாவிட்டால் அதற்கென இருக்கும் ஐந்தாவது வட்டத்தையாவது நிரப்ப வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தை எண்ணிச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை பெயர் வந்தது. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கோயில் அலுவலகத்தில் இருக்கிறேன்.

நீங்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் காலையிலேயே போய்விடுங்கள். பெரும்பாலான கோயில்கள் உச்சிக்கால பூஜை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் சாயந்திரம்தான். மகேந்திரவாடிக்குத் தண்ணீர் பாட்டில் கட்டாயம். மேல்பாடிக்கு ஒரு டார்ச் லைட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் தேய்ந்த எழுத்து எழும்பி வரும்.