டென்பியின் மேடுகள்: ஒரு அயர்ன்மேன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 13, 2023, ஞாயிறு

இன்று வேல்ஸின் கடலோர ஊரான டென்பி போய், பந்தயப் பாதையின் பின்பாதியைச் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தேன். ஸ்வான்சியிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். செப்டம்பர் 3 அன்று அயர்ன்மேன் வேல்ஸ். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எந்த நாட்டு அயர்ன்மேனிலும் தூரம் இதேதான். டென்பியில் கூடுதலாக இருப்பது மேடு. சைக்கிள் பகுதியில் மட்டும் மொத்த ஏற்றம் சுமார் 2,400 மீட்டர்.

சேலத்தில் வளர்ந்த எனக்கு மலை என்றால் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து அங்கே இரண்டு முறை ஏறினால் கிட்டத்தட்ட இந்தக் கணக்கு வந்துவிடும். ஆனால் இரண்டு ஏற்றமும் ஒன்றல்ல. ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரே சீராக ஏறும். நாலாவது வளைவுக்குள் மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். இங்கே தாளம் பிடிப்பதற்குள் மேடு முடிந்து இறக்கம் வந்துவிடுகிறது. இறக்கத்திலும் காலுக்கு ஓய்வு கிடையாது. குறுகலான பாதை, இரு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, வளைவுக்கு அப்பால் டிராக்டர் வருகிறதா என்பதே தெரியாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வேகமெல்லாம் போன பிறகு அடுத்த மேட்டில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் மேடு அதில் மோசமான ஒன்று. கடல் மட்டத்திலிருந்து சட்டென்று எழும்புகிறது. சில இடங்களில் சரிவு 15 சதவீதத்துக்கு மேல். அது முடிந்து கொஞ்ச தூரத்தில் சாண்டர்ஸ்ஃபுட் மேடு. பந்தயத்தில் இந்த இரண்டையும் இரண்டு முறை ஏற வேண்டும்.

எங்கள் சைக்கிள் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார், இந்தப் பந்தயத்தை ஓடி முடித்தவர். அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: “மேட்டில் நீ சேமிப்பதைத்தான் ஓட்டத்தில் செலவழிக்க முடியும்.” அதனால் என் திட்டம் எளிது. சாதாரண ஏற்றத்தில் இதயத் துடிப்பு 145ஐத் தாண்டக் கூடாது, செங்குத்தான இடத்தில் 155. யார் முந்தினாலும் சரி. இதற்காகவே கியரை மாற்றியிருக்கிறேன். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் டயரும் ஒரே ஒரு சுற்று. இன்று வைஸ்மன்ஸ் பிரிட்ஜில் உட்கார்ந்தபடியே ஏறி முடித்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

லாங்லண்ட் கடற்கரையில் நீச்சல். குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் நெற்றி விண்ணென்று வலிக்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விட்டுப் பழகிய பிறகுதான் கை வீச ஆரம்பிக்கிறேன். குளிர்ந்த நீர் திடீரென முகத்திலும் மார்பிலும் பட்டால் மூச்சு தானாகவே திணறும். அந்த நேரத்தில் வேகமாக நீந்தப் போனால் பயம்தான் மிஞ்சும். நான் வேலை செய்யும் மருத்துவமனை வார்டில் மூச்சுத் திணறி வருகிறவர்களிடம் “மெதுவா வெளியே விடுங்க” என்று தினமும் சொல்கிறேன். கடலில் அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பலிக்கிறது.

ஆகஸ்ட் 26, சனி

பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இன்று சமையலறையில் வேலை.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பாக்கெட்டில் வரும் இனிப்பு ஜெல்லை மட்டும் நம்பினால் ஐந்தாவது மணி நேரத்தில் அந்த இனிப்பே குமட்டும். புளிசாதத்தைக் கொஞ்சம் குழைய வடித்துக் கிளறி, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துப் போகிறேன். உப்பும் புளிப்பும் நாக்கை எழுப்பிவிடும். மிளகாய் கிள்ளிப் போடுவதில்லை, கடலையும் இல்லை. மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். ஏறும்போது இரத்தம் காலுக்கு ஓடுகிறது, வயிறு எதையும் ஏற்காது. மேட்டுக்கு மேல் போய் மூச்சு அடங்கிய பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும்.

அம்மா போனில், “அவ்வளவு நேரம் வெறும் வயித்தோட ஓடுவியா கண்ணு?” என்றார். புளிசாதம் என்றதும் நிம்மதி.

செப்டம்பர் 1, வெள்ளி

டென்பி வந்தாயிற்று. ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இடைக்காலத்து மதில் சுவர், கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் வண்ண வீடுகள். கடை ஜன்னல்களிலெல்லாம் பந்தயத்தை வரவேற்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2011இலிருந்து இங்கே நடக்கிறது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை. புற்றுநோய் மருத்துவரான லூசி காசேஜ் இங்கே ஒருமுறைக்கு மேல் வென்றவர். மருத்துவமனை வேலையையும் இந்தப் பயிற்சியையும் சேர்த்து இழுக்கிற எங்களுக்கு அந்தப் பெயர் பெரிய தெம்பு.

பதிவு செய்யும் இடத்தில் கொடுத்த பைகளில் இளஞ்சிவப்புப் பை ஒன்று. நீந்தி வந்த பிறகு சைக்கிள் நிற்கும் இடத்துக்கு ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்கான காலணியை இதில் போட்டு, கடற்கரையிலிருந்து மேலே ஏறும் வளைவுப் பாதையில் மாட்டி வைக்க வேண்டும். வேறு பந்தயத்தில் இப்படி ஒரு பையை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 2, சனி

சைக்கிளை வைத்தாயிற்று. டயரில் காற்று கொஞ்சம் குறைவாகவே விட்டிருக்கிறேன், கிராமத்துச் சாலையின் சொரசொரப்புக்கு அது நல்லது. ஒன்பது மணிக்குப் படுக்கை.

செப்டம்பர் 4, திங்கள்

முடித்துவிட்டேன்! 14 மணி 38 நிமிடம். நேற்று எழுத முடியவில்லை, இன்று மொத்தமாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு வடக்குக் கடற்கரை. எல்லோரும் கறுப்பு வெட்சூட்டில் நிற்க, மேலே பாறை விளிம்பு முழுக்க மக்கள். வேல்ஸ் நாட்டுப் பண் தொடங்கியதும் ஊரே சேர்ந்து பாடியது. எனக்குச் சொற்கள் பாதிதான் தெரியும், கண் நிறைந்துவிட்டது. எங்கள் வார்டில் இரவு நேரத்தில் அந்தப் பாட்டை முணுமுணுக்கும் முதியவர்களை நினைத்துக்கொண்டேன்.

கடல் சாதுவாக இருந்தது. இரண்டு சுற்று, நடுவில் மணலில் ஏறி ஓடி மறுபடி இறங்க வேண்டும். காஸ்கார் பாறையைக் குறியாக வைத்துக் கரைக்கு வந்தேன். பை மாட்டியிருந்த இடத்தில் காலணியை எடுத்துக்கொண்டு, வெட்சூட்டை இடுப்புவரை உரித்துக்கொண்டே ஊருக்குள் ஓட்டம். இரு பக்கமும் தடுப்பு வேலி, அதற்குப் பின்னால் மூன்று நான்கு வரிசை மக்கள், காது அடைக்கிற கூச்சல். இதயத் துடிப்பு 168. அப்படியே சைக்கிளில் ஏறினால் திட்டம் அங்கேயே போச்சு. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சாக்ஸை நிதானமாகப் போட்டு, தண்ணீர் குடித்து, துடிப்பு இறங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

முதலில் மேற்கே. லாம்ஃபி, பெம்புரோக், அங்கிருந்து ஆங்கிள். பெம்புரோக் கோட்டையில்தான் 1457இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி பிறந்தார். நேற்று அதன் சுவரோரம் ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பாத்திரத்தில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். ஃபிரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரைச் சாலையில் மணல் ஏறிக் கிடந்தது. நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் கடந்தேன். அதிலிருந்து வெளியே ஏறும் மேட்டில் என்னைப் பலர் கடந்து போனார்கள், பலமாக மிதித்துக்கொண்டு, எழுந்து நின்று. கைக்கடிகாரம் 153 காட்டியது. சரி, போகட்டும் என்று விட்டேன். மேலே போய் முதல் புளிசாத உருண்டை.

வெயில் ஏறியது. கேரூ கோட்டையைத் தாண்டிய பிறகு உப்புக் கலந்த தண்ணீரை ஒவ்வொரு கால் மணிக்கும் குடித்தேன். நார்பர்த் ஊருக்குள் ஏறும்போது மக்கள் சாலையை நெருக்கிக்கொண்டு நின்றதில் ஒரு சைக்கிள் போகும் அளவுக்குத்தான் வழி.

பிறகு வைஸ்மன்ஸ் பிரிட்ஜ், அப்புறம் சாண்டர்ஸ்ஃபுட். சாண்டர்ஸ்ஃபுட் மேட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. டிரம், மணி, விசில், வேடம் போட்ட ஆட்கள். சட்டையில் இருக்கும் பெயரைப் படித்துக் கூப்பிடுகிறார்கள். என் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் முழு மனதோடு கத்துகிறார்கள். இங்கேதான் பலரும் காலை எரித்துவிடுகிறார்கள். யாரோ நம்மைப் பார்த்துக் கத்தும்போது மெதுவாக மிதிப்பது எவ்வளவு கஷ்டம்! என் மகள் வேலிமேல் ஏறி நின்று, தமிழில், “அம்மா, மெதுவா! மெதுவா!” என்று கத்தினாள். அத்தனை இரைச்சலில் எனக்குப் புரிந்த குரல் அது ஒன்றுதான். அவளுக்குத் திட்டம் தெரியும். இரண்டாம் சுற்றில் அதே மேட்டில் ஓரமாக இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த சிலரைக் கடந்தேன். ஃபிரெஷ்வாட்டர் வெஸ்டில் என்னை முந்திய மஞ்சள் ஹெல்மெட்டும் அவர்களில் ஒருவர். அவருக்காக வருத்தமாகத்தான் இருந்தது.

ஓட்டம் நான்கு சுற்று. ஊரிலிருந்து நியூ ஹெட்ஜஸ் வரை ஏற்றம், அங்கே சுற்றுக்கணக்குக்காகக் கைக்கு ஒரு பட்டை, பிறகு இறங்கி வந்து மதிலுக்குள் சந்து சந்தாக. எதிரே வருகிறவர் கையில் எத்தனை பட்டை என்றுதான் கண் போகும். இரண்டாம் சுற்று வரை ஏற்றத்திலும் ஓடினேன். மூன்றில் தொடை பேசத் தொடங்கியது. ஏறும்போது அல்ல, இறங்கும்போது. இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இழைகள் கிழிவது அங்கேதான். ஏற்றத்தில் விரைவு நடை, இறக்கத்தில் சின்னச் சின்ன அடி என்று மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் ஓடிய ஸ்வான்சிக்காரர் ஒருவர் ஒரு சுற்று முழுக்க என்னோடு வந்தார். அவர் மனைவிக்கு எங்கள் மருத்துவமனையில்தான் அறுவை சிகிச்சை நடந்ததாம். அதைப் பேசிக்கொண்டே மேடு முடிந்துவிட்டது.

நான்காவது பட்டை கைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. எஸ்பிளனேடில் சிவப்பு விரிப்பு, விளக்கு. கணவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். ஓட்டம் முழுவதும் என் துடிப்பு சீராக இருந்திருக்கிறது. சைக்கிளில் செலவழிக்காமல் வைத்ததெல்லாம் அங்கே இருந்தது.

அம்மாவுக்கு போன் செய்யும்போது அங்கே விடிகாலை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

செப்டம்பர் 6, புதன்

படிக்கட்டில் ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன். நாளை மறுநாள் பணிக்குத் திரும்புகிறேன்; லிஃப்ட் இருப்பதால் சமாளிக்கலாம்.

மலைப்பாங்கான பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் எல்லோரும் ஏறத்தான் பயிற்சி செய்கிறார்கள். இறங்கி ஓடவும் பயிற்சி வேண்டும் என்பேன், வாரத்துக்கு ஒரு முறையாவது, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு வரை. லாங்லண்டுக்கு இறங்கும் சாலையில் நான் செய்தது குறைவில்லை. அது இல்லாவிட்டால் கடைசிச் சுற்று முழுக்க நடந்திருப்பேன்.

மாலையில் சைக்கிளைக் கழுவினேன். செயினுக்குள் இன்னும் மணல். பிரேக் கட்டைகள் கிட்டத்தட்ட முழுக்கத் தேய்ந்திருக்கின்றன, முன்பக்கம் குறிப்பாக. சனிக்கிழமை இரண்டையும் மாற்றியாக வேண்டும்.