அட்டைக்கு அடியில் இருந்த அர்ஜுனன்

காகிதப் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில், பதிவேட்டில் 'முன்பக்கம்: ஓவியம், பின்பக்கம்: எழுத்து' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு தாள் மாற்றிவிட்டது.

அது ரஸ்ம்நாமாவின் தாள். ரஸ்ம்நாமா என்றால் போர் நூல். மகாபாரதத்தைப் பாரசீகத்தில் கொண்டுவரும்படி அக்பர் 1582இல் உத்தரவிட, அதிலிருந்து பிறந்த நூல். அரசருக்காகச் செய்த பிரதி ஜெய்ப்பூரில் இருக்கிறது. எங்களிடம் வந்த தாள் 1598-99இல் எழுதிய இன்னொரு பிரதியைச் சேர்ந்தது. அந்தப் பிரதி 1921இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து, தாள் தாளாகப் பிரிந்து பல நாடுகளுக்குச் சிதறிப்போனது. கடைசி ஐந்து பர்வங்கள் மட்டும் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்றாகத் தங்கியிருக்கின்றன.

எங்கள் தாளின் ஒரு பக்கம் போர்க்களம். தேர்கள், யானை, வானத்தை மறைக்கும் அம்புகள். மறுபக்கத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஓவியத்தைச் சுவரில் மாட்ட வசதியாக, யாரோ எழுத்துப் பக்கம் முழுக்க வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, தடவி அட்டையில் ஒட்டியிருந்தார்கள். எழுதியவரின் உழைப்பு அவர்கள் கண்ணுக்கு வெறும் பசை தடவும் இடம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அட்டையில் இருந்த அமிலம் தாளையும் பழுப்பாக்கத் தொடங்கியிருந்ததால், அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் மை? விளக்குக் கரியும் பிசினும் சேர்த்துக் குழைத்த மை அது. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் வெளுக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இழுகிவிடும். வச்சிரமோ ஈரம் காட்டாமல் விடாது. சரி, ஓவியத்தை மெத்தென்ற விரிப்பில் குப்புற வைத்து, மெல்லிய கத்தியால் அட்டையை அடுக்கடுக்காகச் சீவ ஆரம்பித்தேன். கடைசி அடுக்கு வந்ததும், ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே விடும் கெட்டியான மெத்தில் செல்லுலோஸ் பசையை நகத்தளவு இடத்தில் வைப்பேன். வச்சிரம் இளகும்வரை காத்திருந்து, உரித்து, ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த நகத்தளவுக்குப் போவேன். ஒரு நாளில் உள்ளங்கை அகலம் நகர்ந்தால் பெரிய விஷயம். வேலை மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தது.

முதலில் வெளிவந்தது ஒரு வளைவு. கிண்ணத்தைச் சாய்த்து வைத்த மாதிரி, இடப்பக்கம் மேலேறி மெலிந்து முடியும் கோடு. நாணல் பேனாவைத் திருப்பிய இடத்தில் கோடு தடித்து, மறுபடி மயிரிழையாகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது வரிகளுக்கு அடியில் மையில்லாத பள்ளக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. மிஸ்தர் என்று ஒரு அட்டை உண்டு. அதில் வரிக்கு ஒரு நூலாகக் கோத்திருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்து விரலால் தேய்த்தால் கோடு விழும். அதன்மேல்தான் எழுத்து உட்காரும். எழுதுவதற்கு முன் அவர் விரல் போன தடம் அப்படியே இருந்தது.

எனக்குப் பாரசீகம் தெரியாது. எங்களுக்காகப் பழைய ஏடுகளைப் படித்துத் தரும் மௌல்வி சாஹிப்பைக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர். பூதக்கண்ணாடியை எடுத்து, வலமிருந்து இடமாக, கிட்டத்தட்டப் பாடுவதுபோல் வாசித்தார். திடீரென்று நிறுத்தி, "பேட்டா, இந்தச் சொல்லைப் பார். இது உனக்குத் தெரிந்தவர்தான்" என்றார்.

நான்கு எழுத்து. அலிஃப், ரே இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. அப்புறம் ஜீம், அது சரிந்து நூனின் கிண்ணத்துக்குள் இறங்குகிறது. அர்ஜுன். நான் உரித்தெடுத்த அந்த முதல் வளைவு அர்ஜுனனின் கடைசி எழுத்து.

பாட்டி மடியில் கேட்ட பெயரை, படிக்கத் தெரியாத ஒரு லிபியில் என் கை மூன்று வாரமாகத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அன்று தேநீர் நேரத்தில் மௌல்வி சாஹிப் இன்னொன்றும் சொன்னார். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பகுதியின் முடிவுரையில், மொழிபெயர்த்த நகீப் கான், தனக்கு நூலை வாசித்து இந்தியில் விளக்கிச் சொன்ன பண்டிதர்களின் பெயர்களைக் குறித்திருக்கிறாராம். அதில் ஒருவர் பெயர் சதாவதானா. செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்று கொண்டாடிய ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவா வேண்டும்? ஒருவர் வடமொழியை வாசித்து இந்தியில் சொல்ல, இன்னொருவர் பாரசீகத்தில் எழுத, ஒன்றரை ஆண்டில் மகாபாரதம் மொழி மாறியிருக்கிறது. வாய் வழியாக வந்த அந்தப் பேச்சைத்தான் இந்த எழுத்து சுமக்கிறது. ஓவியர்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

எழுத்தைச் சுற்றியிருந்த பச்சைக் கோடு வழியாகத் தாள் பிளந்திருந்தது. செம்பிலிருந்து எடுக்கும் பச்சை நிறம் காலப்போக்கில் காகிதத்தைத் தின்றுவிடும். அதை மெல்லிய ஜப்பானியத் தாளால் இணைத்தேன். கடைசியில், இரண்டு பக்கமும் தெரியும்படி இருபுறமும் சாளரம் வெட்டிய மவுண்ட் செய்தேன். செலவு கூடுதல்தான், கேட்டவர்களுக்கு அர்ஜுனைக் காட்டினேன், மறுபேச்சு வரவில்லை.

அறிக்கையில் 'பின்பக்கம்' என்று எழுதவில்லை. 'எழுத்துப் பக்கம்' என்றே எழுதினேன். எழுத்துச் சட்டத்துக்கு வெளியே, இடது கீழ் மூலையில் சாய்வாக ஒரு சின்னச் சொல் இருந்தது. அடுத்த தாள் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று தைப்பவருக்குக் காட்டுவதற்காக எழுதி வைப்பது அது. இந்தப் பிரதியின் மற்ற தாள்கள் வைத்திருக்கும் யாராவது தேடினால் உதவுமே என்று, அதைப் பெரிதாகப் படமெடுத்து அறிக்கையோடு சேர்த்தேன். என்ன சொல் என்று மௌல்வி சாஹிப்பிடம் கேட்டேன்.

"பஸ்" என்றார். "அப்புறம் என்று அர்த்தம்."